கடக்கரைப் புழுக்கத்துல பெரியவங்களையும் நடக்க முடியாதவங்களையும் பாத்துக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க அப்பா பனையேறினவர். 11 வருஷத்துக்கு முன்னாடி மரத்துல இருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு நெஞ்சுக்குக் கீழ உணர்வே இல்லாமப் போயிருச்சு. முதல் கோடையில அவர கிட்டத்தட்ட இழந்துருப்போம், ஏன்னா வெயில் அவர் உடம்புல என்ன பண்ணும்னு எங்க யாருக்கும் சொல்லித் தரல. அதுக்கப்புறம் டாக்டருங்க, பிசியோதெரபி பண்றவங்க, இதே மாதிரி ஆளு இருக்கிற வீடுகன்னு கேட்டுக்கேட்டு கத்துக்கிட்டேன். இப்ப எங்க ராமநாதபுரம் கடக்கரைல பெரியபட்டணம், கீழக்கரை, தங்கச்சிமடம்னு தெரிஞ்சவங்க பங்குனி பொறந்தாலே போன் போட்டு ஒரே சந்தேகத்த திரும்பத்திரும்ப கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். மாத்திரை மருந்த மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் மாத்தணும்.

நம்ம ஊர்ல 35, 36தான் காட்டுது, மதுரைக்காரனே 40ல இருக்கான், நாம ஏன் தம்பி இவ்ளோ பயப்படணும்?

அந்த நம்பர மட்டும் பாக்காதீங்க. நம்ம உடம்பு வேர்வை மூலமாத்தான் சூட்ட இறக்குது, அதுவும் வேர்த்தா மட்டும் போதாது, அது காயணும், காயும்போதுதான் சூட்ட எடுத்துட்டுப் போகும். மூடாக்கா ஈரமா இருக்கிற நாள்ல கருவாடு காயாம நசநசன்னு கிடக்கும்ல, அதே கததான் நம்ம தோலுக்கும். காத்துல ஈரம் 70 சதவீதம் இருந்தா 32 டிகிரி வெயிலே உடம்புக்கு 40 மாதிரி தெரியும். அதனாலதான் வானிலை ஆபீஸ்லயே வெப்ப அலைன்னு சொல்றதுக்கு சமவெளிக்கு 40 டிகிரில இருந்து கணக்கு வச்சுட்டு கடக்கரை ஊருக்கு 37லயே வச்சிருக்காங்க, அது வழக்கத்த விட 4.5 டிகிரி கூடவும் இருக்கணும்.

இன்னொண்ணு, கத்திரி மே 4ல ஆரம்பிச்சு 28ல முடிஞ்சதும் ஆபத்து போச்சுன்னு நினைக்கிறோம். நமக்கு ஐப்பசி மழை விழுற வரைக்கும் புழுக்கம்தான். ராத்திரியும் இறங்காது, காங்கிரீட் பகல்ல குடிச்ச சூட்ட ராத்திரி பூரா கக்கிக்கிட்டே இருக்கும், உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. மூணு நாலு நாள் அப்படியே தொடர்ந்தா அப்பத்தான் பெரியவங்க சாய்றாங்க.

அம்மாவுக்கு 74 வயசு, தாகமே இல்லங்குது, தாகம் இல்லாதவங்களுக்கு எதுக்கு தண்ணி?

வயசாக ஆக தாகம்ங்கிற உணர்வே மங்கிரும், உடம்பு காஞ்சு கிடந்தாலும் மூளைக்கு சேதி போகாது. வேர்க்கிறதும் குறைஞ்சிரும், கிட்னியும் தண்ணிய முன்ன மாதிரி பிடிச்சு வைக்காது. அதனால தாகத்த நம்பாம நேரத்த நம்புங்க. எழுந்ததும் ஒண்ணு, குளிச்சதும் ஒண்ணு, பாங்கு சொல்றப்ப, கோயில் மணி அடிக்கிறப்ப, சீரியல் போடுறப்பன்னு எதாவது ஒண்ணோட சேத்து அர டம்ளர் அர டம்ளரா குடுங்க, ஒரு சொம்ப நீட்டுனா யாரும் குடிக்க மாட்டாங்க. ஒண்ணுக்கு வைக்கோல் நிறத்துல வெளிறி இருந்தா சரி, டீ டிகாஷன் மாதிரி இறங்குனா தண்ணி பத்தலன்னு அர்த்தம்.

அதெல்லாம் தெரியும்ணே, ஆனா தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்னு எங்க அக்கா குடிக்கவே மாட்டேங்குது, போலியோ கால், என்ன பண்ண?

இந்தக் கேள்விய கேட்ட பொண்ண நான் மறக்கவே மாட்டேன். நடக்க முடியாத பொம்பளைங்க நெறையப் பேரு தண்ணி குடிக்காததுக்கு இதுதான் காரணம், வாய விட்டு சொல்ல மாட்டாங்க. கக்கூசு வீட்டுக்குப் பின்னாடி 30 அடி தள்ளி இருக்கும், மணல்ல தவழ்ந்து போகணும், மத்தியானம் அந்த மணல் கொதிக்கும், யாராவது தூக்கணும், வீட்டுல ஆம்பளைங்கதான் இருப்பாங்க. தண்ணிய குறைச்சிக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு அவங்களா முடிவு பண்ணிக்கிறாங்க. அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், கல்லுன்னு ஆஸ்பத்திரிக்கு அலையணும்.

அதனால தண்ணி குடி குடின்னு திட்டாம முதல்ல பாத்ரூம் வழிய சரி பண்ணுங்க. நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேருக்குக் கீழ வாளி வச்சு, சேலையால மறப்பு கட்டி, அவங்க படுக்கிற ரூம்லயே ஒரு மூலைல வைங்க. போற வழி மணல்ல பழைய கோரப்பாய விரிச்சு அது மேல தென்னங்கீத்துல ஒரு பந்தல் இழுத்து விடுங்க. யாரு எப்ப கூட்டிட்டுப் போறதுன்னு பொம்பளைங்க ரெண்டு பேரு முறை வச்சுக்கோங்க. இதச் செஞ்ச வீட்டுல எல்லாம் தண்ணி தானா உள்ள போகுது.

ஹார்ட்டுக்குப் பாத்தப்ப ஒன்றரை லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க, வெயில்லயும் அதேதானா?

அளவ நீங்களா கூட்டவும் வேணாம், பயந்து குறைக்கவும் வேணாம். கோடை ஆரம்பிக்கிறப்பவே டாக்டர்கிட்ட போய் வெயில் காலத்துக்கு எவ்வளவு, நீர் பிரியுற மாத்திரை இதே அளவான்னு ரெண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. தினம் காலைல ஒண்ணுக்கு போனதும் எடை பாக்குறது நல்ல பழக்கம். ரெண்டு மூணு நாள்ல சட்டுனு ரெண்டு கிலோ ஏறுனா தண்ணி தேங்குது, மடமடன்னு இறங்குனா காயுது, ரெண்டுமே போன் பண்ண வேண்டிய விஷயம். கிட்னி சரியில்லாதவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கும் இதேதான்.

தண்ணி கட்டுப்பாடு இருந்தா வெளிய இருந்து குளுர வைங்க, அதுக்கு லிமிட் கிடையாது. அது எப்படின்னு கீழ ஃபேன் கேள்வில சொல்லிருக்கேன்.

இளநி, நுங்கு, பதநீ, மோர் எது நல்லது? உம்மாவுக்கு சுகரும் இருக்கு

தெனமும் எல்லாருக்கும் சுலபமா ஒத்துக்கிறது நீராகாரமும் மோரும்தான். பழைய சோத்துத் தண்ணில ரெண்டு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் குடுங்க, பிபி இருந்தா உப்ப மட்டும் கம்மியா போடுங்க. நுங்கு நம்ம சீமையோட வரம், முத்தாத இளங்காயா வாங்குங்க, பல்லு இல்லாதவங்களுக்கு நசுக்கிக் குடுக்கலாம். பதநீர நான் குறை சொல்வேனா, அப்பா இறக்குன பதநீலதான் நான் வளந்தேன், ஆனா அதுல இருக்கிறது சர்க்கரைதான், சுகர்காரங்களுக்கு டம்ளர் கணக்குல ஆகாது.

இளநில பொட்டாசியம் அதிகம். கிட்னி வீக்கா இருக்கிறவங்களும், சில பிபி, ஹார்ட் மாத்திரை சாப்பிடுறவங்களும் தெனம் இளநி குடிச்சா அது ரத்தத்துல ஏறி ஹார்ட் துடிப்பையே கெடுத்துரும், கேட்டுட்டுக் குடுங்க. ஓஆர்எஸ்ங்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் வயித்தால போனா, வாந்தி எடுத்தா, ரொம்ப வேர்த்துத் துவண்டா குடுக்கிறது, ஜூஸ் மாதிரி தெனம் குடிக்கிறதில்ல. மெடிக்கல்ல ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்னு தர்றத வாங்குங்க. கிடைக்கலன்னா ஒரு லிட்டர் ஆறுன தண்ணில தலை தட்டுன 6 டீஸ்பூன் சீனி, அர டீஸ்பூன் உப்பு, இந்த அளவு தப்பக் கூடாது.

ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது, நிப்பாட்டிறலாமா?

நிப்பாட்டாதீங்க. 40 டிகிரிக்குக் கீழ ஃபேன் உதவும்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது, நம்ம கடக்கரைல அத தாண்டுற நாள் ரொம்பக் கம்மி. ஃபேன் காத்த குளுரப் பண்ணாது, வேர்வைய காய வைக்கும், அவ்ளோதான் அதோட வேல. அப்ப வேர்க்கவே மாட்டேங்கிற கெழவிக்கு ஃபேன் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. அங்கதான் நாம கை வைக்கணும், அவங்க உடம்பு ஊத்த வேண்டிய வேர்வைய நாம ஊத்தணும்.

சலூன்ல அடிக்கிற ஸ்பிரே பாட்டில் ஒண்ணு வாங்கி சாதா தண்ணி ஊத்தி முகம், கழுத்து, கை, நெஞ்சு, காலுன்னு அடிச்சு விட்டு டேபிள் ஃபேன காமிங்க. காஞ்சதும் திரும்ப அடிங்க, மத்தியானம் கால் மணி நேரத்துக்கு ஒருக்கா. பாட்டில் இல்லன்னா ஈரத்துண்டு. துண்ட அப்படியே போர்த்தி விட்டுட்டு வெளிய போயிராதீங்க, இந்தப் புழுக்கத்துல அது பத்து நிமிஷத்துல வெந்நி ஒத்தடம் ஆயிரும், காத்து கட்டாயம் வேணும். ஐஸ் தண்ணி தேவையில்ல. கரண்ட் போனா பனை ஓலை விசிறி இருக்கு, வீசுறவங்கதான் பக்கத்துல இருக்கணும்.

ஏர் கூலர் வாங்கலாமா? ஏசிய விட விலை கம்மியா இருக்கே

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். கூலர் தண்ணிய காத்துல கலந்து குளுர வைக்கிற மெஷின், காஞ்ச காத்து அடிக்கிற ஊருக்கு நல்ல சாமான். நம்ம காத்துல ஏற்கனவே ஈரம் நெறஞ்சு கிடக்கு, கதவ சாத்திட்டு கூலர் ஓட்டுனா ஒரு மணி நேரத்துல ரூம் இட்லிச் சட்டி ஆயிரும். மண்டபத்துல ஒரு வீட்டுல பக்கவாதம் வந்த பெரியவருக்குன்னு ஆசையா வாங்கி வச்சு, அவருக்கு மூச்சுத் திணறுதுன்னு எனக்கு போன் வந்துச்சு. ஜன்னல தொறந்து விட்டு கூலர நிப்பாட்டி மேல சொன்ன மாதிரி நனைச்சு ஃபேன் வச்சதும் அரமணி நேரத்துல சரியாப் பேசுனாரு. மேக்க இருந்து ஈரமில்லாம வறண்ட கச்சான் காத்து அடிக்கிற நாள்ல ஜன்னலத் தொறந்து வச்சு ஓட்டுனா கொஞ்சம் பலன் இருக்கும்.

ஏசி வேற, அது ஈரத்தையும் உறிஞ்சும். வசதி இருந்தா ஒரே ஒரு சின்ன ரூம்ல போட்டு 26, 27ல வச்சு கூடவே ஃபேனையும் மெதுவா ஓட்டுனா பில்லு தாங்கும். மத்தியானம் 12ல இருந்து 4 வரைக்கும், ராத்திரி படுக்குறப்ப ஒரு ரெண்டு மணி நேரம், அதுவே பெரிய உதவி.

எங்களோடது சீட்டு வீடு, உள்ள இருந்தா வேகுது, நாங்க என்ன பண்றது?

சீட்டு வீட்டுக்குள்ள மத்தியானம் வெளி நெழல விட சூடு அதிகம். அதனால "வெயில்ல வெளிய வராதீங்க"ன்னு டிவில சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க, வேப்ப மரமோ, கீத்துக் கொட்டாயோ, வலை பின்னுற வாடியோ காத்தாட இருந்தா 11 மணிக்கே கட்டிலோட அங்க கொண்டு போயிருங்க.

சீட்டு மேல ரெண்டு கை சுண்ணாம்பு அடிங்க, வெள்ளை வெயில திருப்பி அனுப்பிரும், செலவும் கம்மி. அதுக்கு மேல பனை ஓலையோ கீத்தோ பரப்பி கடக்காத்துக்குப் பறக்காம கயித்தால இறுக்கிக் கட்டுனா இன்னும் நல்லது, அடுப்புப் பொகை போற பக்கம் மட்டும் விட்டுருங்க. காங்கிரீட் மாடி வீட்டுக்காரங்க சாயங்காலம் மொட்டமாடில தண்ணி தெளிக்கலாம், ஆனா உப்புத் தண்ணி வேணாம், உள்ள இருக்கிற கம்பிய துரு தின்னுரும். குடிக்கிற தண்ணிக்கே தள்ளுவண்டில குடத்த அடுக்கிட்டு அலையுற ஊர்ல மாடிக்கு நல்ல தண்ணி ஏதுன்னு கேப்பீங்க, அதனாலதான் சுண்ணாம்ப முதல்ல சொன்னேன்.

வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டு அடிபட்டதுல இருந்து வேர்க்கிறதே இல்ல, அப்ப அவருக்கு வெயில் தெரியலன்னுதானே அர்த்தம்?

நாங்களும் இப்படித்தான் நினைச்சோம், அதுலதான் அப்பாவ விட்டுருப்போம். அடிபட்ட இடத்துக்குக் கீழ வேர்க்கச் சொல்ற நரம்பு வேல செய்யாது, அடி நெஞ்சு இல்ல கழுத்துப் பக்கமா இருந்தா உடம்புல பெரும்பகுதி வேர்க்கவே வேர்க்காது, ரத்தக்குழாய் விரிஞ்சு சூட்ட வெளிய விடுறதும் நடக்காது. அதனால சுத்தி இருக்கிற சூடு அப்படியே உடம்புக்குள்ள ஏறும். ஒரு நாள் மத்தியானம் அப்பா உளற ஆரம்பிச்சாரு, காய்ச்சல்னு நினைச்சு போர்த்தி விட்டோம். தெர்மாமீட்டர் 104 ஃபாரன்ஹீட் காட்டுச்சு, போர்வைய எடுத்துட்டு தண்ணி ஊத்தச் சொன்னது பக்கத்து வீட்டுல லீவுக்கு வந்துருந்த நர்ஸ் புள்ள.

இப்ப தெனம் மூணு தடவ தெர்மாமீட்டர் வைக்கிறோம். 100 தாண்டுனா உடனே நனைச்சு ஃபேன், ஒரு மணி நேரத்துல இறங்கலன்னா அது நீர்க்குழாய்த் தொத்தாவோ புண்ணாவோ இருக்கலாம், டாக்டர்கிட்ட போயிரணும். இன்னொரு முக்கியமான விஷயம், அடிபட்ட இடத்துக்கு மேல மட்டும் முகமெல்லாம் குப்புன்னு வேர்த்து, தல வெடிக்கிற மாதிரி வலிச்சா அது வெயில் இல்ல. மூத்திரப்பை நெறஞ்சோ மலம் கட்டியோ பிபி எகிறுற ஆபத்து. ஒடனே நிமித்தி உக்கார வச்சு, ஒண்ணுக்கு போற டியூப் மடங்கிருக்கான்னு பாத்து சரி பண்ணி, அப்பவும் அடங்கலன்னா 108.

வீல்சேர், கேலிப்பர் (கால்ல மாட்டுற கம்பிச் சட்டம்), செயற்கைக்கால் போடுறவங்க என்ன கவனிக்கணும்?

வண்டிய வெயில்ல நிறுத்தாதீங்க, நிறுத்துனா உக்காருறதுக்கு முன்னாடி சீட்ட புறங்கையால தொட்டுப் பாருங்க. உணர்வில்லாத தொடைல ரெக்சின் சீட் சுட்டு கொப்புளம் வந்து மூணு மாசம் படுத்தவங்க இருக்காங்க. சீட்டு மேல பருத்தித்துண்டு, கம்பில துணி சுத்துறது, மூணு சக்கர ஸ்கூட்டருக்கு ஒரு குடை. செயற்கைக்கால்ல வேர்வை தேங்குனா புண்ணு நிச்சயம், நடுவுல ரெண்டு மூணு தடவ கழட்டித் துடைச்சு காய விட்டு சாக்ஸ மாத்திப் போடுங்க.

படுத்த படுக்கையா இருக்கிற அப்பத்தாவுக்கு முதுகெல்லாம் வேக்குரு, பவுடர் போடலாமா?

பவுடர் வேர்வையோட சேந்து களி ஆகி மடிப்புல தங்கிரும், வேணாம். அடில விரிச்சிருக்கிற ரெக்சின்தான் முதல் எதிரி. அது தேவைதான், ஆனா இடுப்புக்கு மட்டும் போட்டு மேல நாலு மடிப்பா பழைய வேட்டிய விரிங்க, நனைஞ்சா மாத்துங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைங்க, புரட்டுறப்ப முதுகத் துடைச்சு அஞ்சு நிமிஷம் ஃபேன் காத்துல காட்டுங்க. காத்து மெத்தை வச்சிருந்தா கரண்ட் போனதும் இறங்கிரும், அப்ப இன்னும் அடிக்கடி புரட்டணும்.

மாத்திரைக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

நெறைய இருக்கு. நீர் பிரியுற மாத்திரை உடம்பக் காய வைக்கும். சில மனநல மாத்திரைகளும், அதோட கை நடுக்கத்துக்குச் சேத்துக் குடுக்கிற ட்ரைஹெக்சிபெனிடிலும், மூத்திரப்பை இறுக்கத்துக்குக் குடுக்கிற ஆக்சிபியூட்டினினும் வேர்க்கிறதக் குறைக்கும். மனநலம் சரியில்லாதவங்களக் கூட்டிட்டு ஏர்வாடி தர்கா பக்கம் மாசக்கணக்குல தங்கி இருக்கிற குடும்பங்களுக்கு இத முக்கியமா சொல்றேன், உங்க ஆளு வேர்க்காம செவந்து போய் உக்காந்திருந்தா அத சும்மா விடாதீங்க. லித்தியம் சாப்பிடுறவங்க உடம்பு காஞ்சா ரத்தத்துல மருந்து ஏறி விஷமாயிரும், கை நடுக்கமும் தள்ளாட்டமும் வாந்தியும் வந்தா ஒடனே ஆஸ்பத்திரி.

இதப் படிச்சுட்டு மாத்திரைய நிறுத்திராதீங்க, அது வெயில விட ஆபத்து. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து பிபி பாத்து மாத்திரை தர்றாங்கல்ல, அவங்ககிட்ட மொத்த மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் காமிச்சு கேளுங்க, இல்லன்னா 104ங்கிற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்க.

ஃப்ரிட்ஜ் இல்ல, இன்சுலின எங்க வைக்கிறது?

உடைக்காத புது பாட்டில 2ல இருந்து 8 டிகிரில வைக்கணும், அதனால மாசத்துக்கு மொத்தமா வாங்காம ஒண்ணொண்ணா வாங்குங்க, இல்ல ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டுல குடுத்து வைங்க. தெனம் போடுற பாட்டில மூடி இறுக்கமான டப்பால போட்டு தண்ணி இருக்கிற மண்பானைக்குள்ள மிதக்க விடுங்க, பானைய காத்து படுற நெழல்ல வைங்க. நம்ம ஈரக்காத்துல பானை ரொம்பக் குளுராது, ஆனாலும் அலமாரிய விட மேல். ஃப்ரீசர்லயும் வண்டிப் பெட்டிலயும் வைக்கவே கூடாது.

மகனுக்குப் பேச்சு வராது, மூளை வளர்ச்சி கம்மி. சூடு தாங்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கதான் அவனுக்கு வாய். வழக்கமா சிரிக்கிற நேரத்துல சிரிக்காம இருக்கிறது, காரணமில்லாம அடம், சாப்பாட்டத் தள்ளுறது, வழக்கத்த விடத் தூக்கம், உதடு காஞ்சு வெடிக்கிறது, ஒண்ணுக்கு போறது குறையுறது. கழுத்துப் பின்னாடியும் வயித்துலயும் கைய வச்சுப் பாருங்க. வலிப்பு மருந்து சாப்பிடுற பிள்ளைன்னா சூடு ஏறுனா வலிப்பும் கூடலாம். ஞாபக மறதி வந்த பெரியவங்களும் இதே மாதிரிதான், மே மாசத்துல ஸ்வெட்டர் கேப்பாங்க. சண்ட போடாம மெல்லிசா ஒரு பருத்தித் துணியப் போர்த்தி விடுங்க, மனசு ஆறிரும்.

ராமேஸ்வரத்துல வெறுங்காலோட நடந்து அத்தைக்குப் பாதம் வெந்துருச்சு, அவங்களுக்கே தெரியலையாம், எப்படி?

சுகர் ரொம்ப வருஷமா இருந்தா பாதத்துல உணர்வு செத்துரும், தரை சுடுறது தெரியாது, சாயங்காலம் கொப்புளம் பாத்தப்பறம்தான் தெரியும். பிரகாரத்துக்குள்ள நெழலுதான், ஆபத்து அக்னி தீர்த்தத்துல இருந்து கோபுர வாசல் வரைக்கும் வர்ற வெயில் தரைலயும் பார்க்கிங்லயும்தான். சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துருங்க, வாசல் வரைக்கும் செருப்பு போட்டுட்டுப் போங்க, தர்கா, தேவிபட்டினம் எல்லாத்துக்கும் இதேதான். கொப்புளத்த உடைக்காம, மஞ்சள் அப்பாம, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

வெறும் கிறுகிறுப்பா, உசுருக்கு ஆபத்தான்னு எப்படிப் பிரிக்கிறது?

பேச்சக் கேளுங்க. தலவலி, சோர்வு, குமட்டல், கெண்டைக்கால் இழுக்கிறது, ஆனா தெளிவாப் பேசுறாங்கன்னா நெழலுக்குக் கொண்டு வந்து நனைச்சு ஃபேன் வச்சு கொஞ்சங்கொஞ்சமா குடிக்கக் குடுங்க, அரமணி நேரத்துல தேறணும். உளறுனா, கூப்பிட்டா மலங்க முழிச்சா, தள்ளாடுனா, வலிப்பு வந்தா, மயங்குனா, உடம்பு 104 ஃபாரன்ஹீட்டுக்கு மேல கொதிச்சா அது உசுருக்கே ஆபத்து. 108க்கு ஒருத்தர் போன் போடணும், இன்னொருத்தர் அதே நிமிஷம் குளுர வைக்க ஆரம்பிக்கணும், வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. துணியத் தளத்தி குடம் குடமா தண்ணி ஊத்துங்க, விசிறுங்க, ஐஸ் இருந்தா துணில சுத்தி அக்குள்லயும் தொடையிடுக்குலயும் கழுத்துலயும் வைங்க.

மயங்குனவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிரும், ஒருச்சாச்சுப் படுக்க வைங்க. பாராசிட்டமால் இந்தச் சூட்ட இறக்காது. வேர்த்திருக்காங்களே, அப்ப அது இல்லன்னும் நம்பாதீங்க, வேர்வையோடயும் வரும்.

நான் துபாய்ல இருக்கேன், அம்மா தனியா இருக்காங்க, தெனம் பேசுறேன், நல்லாருக்கேன்னுதான் சொல்றாங்க, வேற என்ன செய்ய முடியும்?

நல்லாருக்கியாம்மான்னு கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்வாங்க. கேள்விய மாத்துங்க. காலைல இருந்து எத்தன தடவ ஒண்ணுக்கு போனீங்க, சொம்புல எவ்வளவு மிச்சம் இருக்கு, நேத்து ராத்திரி தூங்குனீங்களான்னு கேளுங்க. வீடியோல பேசுங்க, மூஞ்சி, உதடு, பின்னாடி ஃபேன் ஓடுதான்னு தெரியும், பில்லுக்குப் பயந்து நிப்பாட்டி வச்சிருப்பாங்க. பேச்சு வழக்கத்த விட மெதுவா கொளறுச்சுன்னா போன வச்சுட்டு பக்கத்து வீட்டுக்கு அடிங்க.

பக்கத்து வீட்டுல ஒருத்தர 11 மணிக்கும் 3 மணிக்கும் எட்டிப் பாக்கச் சொல்லி வைங்க, அவங்ககிட்ட ஒரு சாவியும் இருக்கட்டும். மேல சொன்ன ஆபத்து அடையாளத்த அவங்களுக்கும் ஒரு தடவ போன்ல சொல்லிக் குடுத்துருங்க, மாத்திரைச் சீட்டையும் ரத்த வகையையும் கதவுக்குப் பின்னாடி ஒட்டி வைக்கச் சொல்லுங்க. நம்பிக் கேக்க யாரும் இல்லன்னா 14567ன்னு பெரியவங்களுக்கான உதவி எண் இருக்கு, ஆனா அது இந்தியாக்குள்ள இருந்து அடிக்கிற நம்பர், அதனால ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க யாரையாவது விட்டுப் பேசச் சொல்லுங்க.